கண்ணில் ஒற்றிக்கொண்ட எலும்பன்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகிறது. யாரும் அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கவில்லை. காரணம், மூன்றாவது மாடி ஜெயபாரதியைப் பார்க்க வருகிறவர்கள் படியேறித்தான் போக வேண்டும், படியோரக் கதவுகளை நாங்கள் திறந்தேதான் வைத்திருக்கிறோம்.

அன்று காலை ஏறிப்போனவனின் சட்டையில் முழு எலும்புக்கூடு. காதில் மண்டையோடு. இரண்டாவது மாடி மாமி உள்ளே திரும்பி, "ஜெயபாரதி ஆத்துக்கு யாரோ எலும்பு டாக்டர் வந்துண்டிருக்கார்" என்று கணவரிடம் அறிவித்தார். முழங்கால் வலிக்காரரான அவர் உடனே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

ஜெயபாரதி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் மேலதிகாரியின் மைத்துனருடைய கோரிக்கையையும் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே துப்பறிகிறார். உதவிக்கு ராயப்பேட்டை தௌசீஃப். மொபைல் ரிப்பேர் கடை நடத்தி மூடியவன். வாயை மட்டும் இன்றுவரை மூடியதில்லை.

"பேர் அறிவு, மேடம். சிந்தாதிரிப்பேட்டை," என்றான் வந்தவன். "கொள்ளிவாய்னு ஒரு பேண்டு. நான்தான் பாடுறேன்."

"பாடுறதா?" என்றான் தௌசீஃப். "நான் ஒருவாட்டி வந்துகிறேன் நைனா. பாட்டு முடிஞ்சுச்சா, ஸ்பீக்கர் வெடிச்சுச்சான்னு பக்கத்துல இருந்தவன கேட்டுத் தெரிஞ்சுகினேன்."

அறிவு சிரிக்கவில்லை. "எங்க கிட்டாரிஸ்ட்ட காணோம், மேடம். எலும்பன்."

எலும்பன் என்கிற ஆனந்தகுமாரின் கதை இதுதான். தியாகராய நகரில் 'நெல்லை ஜவஹர் ஜவுளி மாளிகை' இருக்கிறதே, அந்த ஜவஹருக்கு ஒரே மகன். கல்லாவில் உட்காரப் பிறந்தவன் கிட்டாரைப் பிடித்தான். பேய், பிசாசு, சுடுகாடு, இவற்றைப் பற்றிய அதிவேகப் பாட்டுகள். மண்டையோடு மாதிரி முகச்சாயம். முதல் மேடை வேளச்சேரியில் ஒரு மாலில். குழந்தைகள் வீறிட்டதில் காவலாளி வந்து பிளக்கைப் பிடுங்கினார். அடுத்தது ஒரு நண்பனின் கல்யாண வரவேற்பு. 'சுடுகாட்டுக்கு ஷேர் ஆட்டோ' என்ற பாட்டைத் தொடங்கியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறினார். வாழ்த்துவதற்காக அல்ல. கிட்டாரைத் தரையில் கிடத்தி, பூட்ஸ் காலால் கம்பிகளை மிதித்து ஊளையிட வைப்பதுதான் எலும்பனின் முத்திரை. ஐந்து வருடம் இப்படியே ஓடியது. கடந்த இரண்டு வருடங்களாகத்தான் திடீர் ஏற்றம். மிதிப்பதை விட்டான். விரல்கள் பேச ஆரம்பித்தன. கொச்சியில் கூப்பிட்டார்கள், பெங்களூரில் கூப்பிட்டார்கள். இப்போது பினாங்கு.

"கடைசியா அவர் முகத்தை எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார் ஜெயபாரதி.

"சாயத்தோட வருவான், சாயத்தோட போயிருவான் மேடம். நடுவுல ஒரு வார்த்த பேசமாட்டான். பேய் பேசுனா பயம் போயிரும்ல. அது எங்க ரூல்."

"எப்போலேர்ந்து?"

அறிவு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். "ரெண்டு வருசமா."

"சரி. காணாமப் போறதுக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. விசா எடுக்கணும், எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அனுப்புங்கன்னு பினாங்குக்காரங்க கேட்டாங்க. நான் குரூப்ல போட்டேன். அடுத்த நாளே இந்த வீடியோ வந்துருச்சு." போனை நீட்டினான். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பாஸ்போர்ட் போகலன்னா எங்க எடத்த வேற பேண்டுக்குக் குடுத்துருவாங்க. இத நம்பி எங்க டிரம்மர் வேலைய விட்டுட்டான் மேடம். எனக்கும் இதுதான் கடைசி வண்டி. அடுத்தது வராது."

ஜெயபாரதி போனை வாங்கி, முதல் வேலையாக ஒலியை அணைத்தார்.

"மேடம், சவுண்டு வெச்சாதான்..."

"அந்தச் சத்தம் எனக்கு ஆகாது தம்பி."

லட்சம் பேர் கேட்ட வீடியோவை அவர் மட்டும் பார்த்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் எலும்பன். மண்டையோட்டு முகம், தலையை மூடிய கறுப்பு அங்கி, விரல் நுனி வெட்டிய கையுறை. கையிலிருந்த அட்டையில், 'எலும்பன் செத்துட்டான். தேடாதீங்க' என்று எழுதியிருந்தது. அட்டையைப் போட்டுவிட்டு, தரையில் கிடந்த கிட்டாரை எடுக்க நகர்ந்தான். பூட்ஸ் முனை கிட்டாரில் இடித்தது. ஒரு கணம் நின்றான். பிறகு கிட்டாரைத் தூக்கி ஓங்கி அடித்து நொறுக்கினான்.

அந்த ஒரு கணத்தை ஜெயபாரதி திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"தௌசீஃப், இங்க வா. கால் இடிச்சதும் என்ன பண்றார்?"

"குனியுறான். கிட்டார தொடுறான். கண்ணுல ஒத்திக்கிறான்." தௌசீஃப் நிறுத்தினான். "இன்னா மேடம் இது? ஒடைக்கப்போற சாமான்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு ஒடைக்கிறான்?"

"கிட்டாரை மிதிச்சே பேர் வாங்கினவருக்கு, கால் பட்டதும் கை தானா கண்ணுக்குப் போகாது. இது ஆனந்தகுமார் இல்ல."

"அப்பால பாருங்க, கழுத்தாண்ட இன்னாமோ தேடுறான். காலர் மைக்கா?"

"பேசாத பேய்க்கு மைக் எதுக்கு?" என்றார் ஜெயபாரதி. ஆனால் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டினார். கண்ணில் ஒற்றிய கை மார்புக்கு இறங்கி, அங்கியின் கழுத்தோரம் எதையோ துழாவி, துணி மட்டும் அகப்பட்டு, விழுந்தது.

அறிவு எழுந்து நின்றான். "அப்போ ஆனந்தன் எங்க?"

ஆனந்தகுமாரின் சாயமும் அங்கியும் பூட்ஸும் வேறு யாரிடமோ இருந்தன.

"வீட்டுக்குப் போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன். அவங்கம்மா கதவ பாதி தொறந்து, சரக்கு எடுக்க சூரத் போயிருக்கான்னு சொன்னாங்க."

"தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப சூரத்தா? இப்போ ஜவுளிக்கடைக்காரங்க பாத்ரூம் போகக்கூட யோசிப்பாங்க." ஜெயபாரதி திரையைப் பெரிதாக்கி, வெள்ளைத் திரையின் கீழ்மூலையைக் காட்டினார். "இது திரை இல்ல, வேட்டி. தலைகீழாத் தொங்குது. ஓரத்துல கடை முத்திரை தெரியுதா?"

தௌசீஃப் போனைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தான். "நெல்லை ஜவஹர். வண்டி எடுக்கறேன் மேடம். பார்க்கிங் கெடைச்சா, அதுவே இன்னிக்கு நாம கண்டுபுடிச்ச பெரிய விஷயம்."

*

தீபாவளிக் கூட்டம் தியாகராய நகரில் நடப்பதில்லை, நகர்த்தப்படுகிறது. கடை வாசலில் காவலாளி அறிவின் சட்டையிலிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கை வைத்தார். "நல்ல நாளும் அதுவுமா... நீ வெளியில நில்லு தம்பி." அறிவு வெளியிலேயே நின்றான். கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பதுமாக இருந்தான்.

உள்ளே எதைப் பார்த்தாலும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரமாகியும் பில் போடும் மெஷின், கத்தரிக்கோல், படிக்கட்டுக் கைப்பிடி என்று எல்லாவற்றிலும் பொட்டு காய்ந்து கிடந்தது.

"தீயணைக்கிற சிலிண்டருக்குக்கூட வெச்சுகிறாங்க," என்றான் தௌசீஃப். "ரொம்ப நேரம் ஒரே எடத்துல நிக்காதீங்க மேடம்."

புடவை விரித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் ஜோதிலட்சுமிக்கு அதில் பெருமைதான். "எல்லாம் முதலாளி தன் கையாலயே வைக்கிறது மேடம். கடைக்காக உழைக்கிற பொருள் ஒண்ணு விடமாட்டார். வேற யாரையும் சந்தனக் கிண்ணத்தைத் தொடக்கூட விடமாட்டார்."

"முதலாளி எங்கம்மா?"

ஜோதிலட்சுமி கண்ணாலேயே மேலே காட்டினாள். மாடியில் கண்ணாடி அறை. உள்ளே கனத்த மீசையுடன் ஜவஹர், முழுக் கடையையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் கீழே, கல்லாவில், அவர் மனைவி சந்திரிகா. ஐம்பது வயதிருக்கும். பச்சைப் பட்டு, இரட்டை மூக்குத்தி, தலை நிறைய மல்லிகை.

ஜெயபாரதி ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொண்டு கல்லாவுக்குப் போனார். "ஆனந்தகுமாரைப் பார்க்கணுமே."

சில்லறை எண்ணிய விரல்கள் நின்றன. "அவன் சூரத் போயிருக்கான்லா."

"எப்போ வருவார்?"

"சொல்லலையே. நீங்க யாரு?"

"அவரோட நண்பர்கள் ரொம்பப் பயந்துபோய் இருக்காங்க. உயிரோட இருக்காரான்னுகூட அவங்களுக்குத் தெரியல."

சந்திரிகா கல்லாவைச் சட்டென்று மூடினார். பக்கத்திலிருந்த பில் ரோல் உருண்டு கீழே விழுந்தது. எழுந்தவர் அதை மிதித்துவிட்டார். சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே வேகத்தில் கை மார்புக்கு இறங்கியது. தாலியை எடுத்து, அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

ஜெயபாரதி தௌசீஃபைப் பார்த்தார். அவன் அப்போதுதான் முதன்முறையாக வாயை மூடியிருந்தான்.

"அம்மா," என்றார் ஜெயபாரதி, குரலைத் தணித்து. "வேட்டியெல்லாம் எங்க அடுக்கி வெச்சிருக்கீங்க? குடோனைக் கொஞ்சம் காட்டுங்க."

சந்திரிகா மேலே கண்ணாடி அறையைப் பார்த்தார். ஜவஹர் அங்கிருந்து கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் சந்திரிகா, உதடு அசையாமல். "வேட்டி எடுக்கிற மாதிரி பின்னால வாங்க."

*

குடோன் நிலத்தடியில் இருந்தது. கூரைவரை வேட்டிக் கட்டுகள். கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு முக்காலியில், முப்பது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்து கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சூரத் இவ்ளோ கிட்டயா?" என்றான் தௌசீஃப். "நான் என்னவோ ரெண்டு நாள் ரயில்னு நெனச்சேன்."

அந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்தார். முகத்தில் அம்மாவின் ஜாடை. "யார் நீங்க?"

"அறிவு அனுப்பினார்," என்றார் ஜெயபாரதி. "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சதே பாதி நிம்மதி, ஆனந்தகுமார்."

"அவன்கிட்ட சொல்லிருங்க. நான் விட்டுட்டேன். வீடியோலதான் சொல்லிட்டனே."

"இடது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் காட்டவில்லை. ஆனால் சீட்டைப் பிடித்திருந்த விதத்திலேயே எல்லாம் தெரிந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் குச்சிபோல் நின்றன.

"கடை ஷட்டர்," என்றார் ஆனந்தகுமார் கடைசியில். "ரெண்டு வருசமாச்சு."

தௌசீஃப் விரல்களையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு வருசமாதான் எலும்பன் நல்லாவே வாசிக்கிறான்னு ஊரே சொல்லிகினு கீது."

"வீடியோல இருக்கறது நான்தான்," என்றார் ஆனந்தகுமார்.

"இல்ல. அதுல இருக்கறவங்க கழுத்துல எதையோ தேடினாங்க. இவன் மைக்னு நெனச்சான்." ஜெயபாரதி சந்திரிகாவின் பக்கம் திரும்பினார். "தாலி. அங்கிக்கு உள்ள போய் மாட்டிக்கிச்சு, கைக்குக் கிடைக்கல. இல்லையாம்மா?"

மேலே ஏதோ கட்டு விழும் ஓசை கேட்டது. நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

சந்திரிகா ஒரு வேட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"நான் படிக்கப்ப பாளையங்கோட்டையில மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிச்சவதான். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க அப்பா அதைப் பரண்ல ஏத்தினாரு. அதோட சரி." மகனைப் பார்த்தார். "இவன் அஞ்சு வருசம் பக்கத்து ரூம்ல கத்துனதை நான் அடுப்படியில நின்னு கேட்டேன். குக்கர்ல ஒரு விசில் வரதுக்குள்ள மூணு பாட்டு முடிஞ்சிரும். எல்லாம் மனப்பாடம். கையில அடிபட்டதும் சாப்பிடாம சுவரைப் பார்த்துக்கிட்டே கிடந்தான். ஒருநாள் கிட்டாரை எடுத்து அவன் பாட்டையே வாசிச்சேன். எந்திரிச்சு உக்காந்தான்."

"அடுத்த வாரமே அடையாறுல ஷோ," என்றார் ஆனந்தகுமார். "நானே சாயம் பூசிவிட்டேன். பேசாதீங்கன்னேன். ஒரே ஒரு ஷோதான்னுதான் ஆரம்பிச்சோம்."

"பஜனைக்குப் போறேன்னு அவர்ட்ட சொல்லிட்டுப் போவேன். வெளியூர்னா கோயில் யாத்திரைம்பேன். மேடையில யாரும் என்னைப் பார்க்கதில்லை, நான்தான் அவங்களைப் பார்க்கேன். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொன்னா விளங்காது." சந்திரிகா படிக்கட்டைப் பார்த்தார். "பாஸ்போர்ட்டுன்னா மூஞ்சி வேணும், பேரு வேணும். அது இருக்க பீரோ சாவி அவர் இடுப்புல. தெரிஞ்சா இந்தக் கல்லாவுலயும் இருக்க முடியாது, அந்த வீட்லயும் இருக்க முடியாது. அதான் எலும்பனைக் கொன்னுட்டேன்."

"கொல்லலையே," என்றார் ஜெயபாரதி. "உடைச்சதுல ஒரு கம்பிகூடத் துள்ளல. கம்பியே கட்டாத பழைய கிட்டார். கால் பட்டாலே ஒத்திக்கிறவங்களுக்கு நிஜத்தை உடைக்க மனசு வராது. அது எங்க?"

சந்திரிகா தயங்கினார். பிறகு எழுந்து, சுவரோரம் நிறுத்தியிருந்த நீள அட்டைப் பெட்டியைத் திறந்தார். கறுப்பு கிட்டார். அவர் அதைத் தொடவே இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

"அட," என்றான் தௌசீஃப். "இதுக்குமா?"

கிட்டாரின் தலைப்பகுதியில், காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

"எனக்குமே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு," என்றார் சந்திரிகா. "இவன் இதையெல்லாம் நம்பாதவன். எனக்காக வச்சிருக்கான்."

ஆனந்தகுமார் நிமிர்ந்தார். "நான் வைக்கலம்மா. நீங்க வச்சீங்கன்னு நினைச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தக் கடையில," என்றார் ஜெயபாரதி மெதுவாக, "சந்தனக் கிண்ணத்தைத் தொடறது ஒரே ஒருத்தர்தானே?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு ஜோடி. சந்திரிகா பெட்டியை மூடப் போனார். அட்டை மடங்கவில்லை.

ஜவஹர் இறங்கி வந்தார். பின்னால் அறிவு. முகம் வெளுத்து, சட்டையிலிருந்த எலும்புக்கூட்டுக்குச் சரியான ஜோடியாக இருந்தான்.

"இந்தத் தம்பி வாசல்லயே நிக்கான்," என்றார் ஜவஹர். "யாருன்னு கேட்டேன். கொள்ளிவாய்ல பாடுறவன்னான். நீ பாடுறது சுமார்தான்னு சொன்னேன்."

அவர் திறந்திருந்த பெட்டியின் பக்கம் வந்தார்.

"பஜனைக்குப் போறவ அடையாறுல எதுக்கு இறங்குறாள்னு ஒருநாள் பின்னாலயே வந்தேன். கடைசி வரிசையில நின்னேன். ஒரு வாரம் காது கேக்கல." அவர் சந்திரிகாவைப் பார்க்காமல் கிட்டாரைப் பார்த்துப் பேசினார். "நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. ஆயுத பூஜை அன்னைக்கு எல்லாத்துக்கும் வச்சேன். இதை விட்டா நல்லாருக்குமா?"

சந்திரிகா கிட்டாரிலிருந்த பொட்டை விரலால் தொட்டார்.

ஜவஹர் இடுப்பிலிருந்து எடுத்தது சாவியை அல்ல. நீல அட்டை போட்ட பாஸ்போர்ட்டை. "பினாங்குல கூப்பிட்டிருக்காங்கன்னு நெட்ல பார்த்தேன். இது சிங்கப்பூர் போக எடுத்தது. தேதி இருக்கான்னு பார்த்துட்டேன். செல்லும். உடைச்சிட்டேன்னு வீடியோ போட்ட அன்னையிலேர்ந்து இடுப்புலதான் வச்சிருக்கேன். நீ கேப்பேன்னு."

அறிவு அதை இரண்டு கையாலும் வாங்கினான். பிரித்தான். உள்ளேயிருந்த புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றார் ஜெயபாரதி.

"ஆனந்தன் இல்லன்னு மொத நாளே தெரியும் மேடம். அவன் இப்படி வாசிக்கமாட்டான். யாருன்னுதான் தெரியாது. கேட்டா போயிருவாங்களோன்னு கேக்கல."

"ரொம்ப நன்றிடா," என்றார் ஆனந்தகுமார்.

அறிவு பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினான். அது போய்ச் சேர்ந்த ஓசை அந்தக் குடோனில் எல்லோருக்கும் கேட்டது. பிறகு சந்திரிகாவிடம் திரும்பி, என்ன பேசுவதென்று தெரியாமல், "அம்மா, மூணாவது பாட்டுல நீங்க கொஞ்சம் ஸ்பீடாப் போறீங்க," என்றான்.

"நீ மெதுவாப் பாடுத," என்றார் எலும்பன். இரண்டு வருடத்தில் எலும்பனாக அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

அவர் கிட்டாரை வெளியே எடுத்தபோது கால் பெட்டியில் இடித்தது. குனிந்து தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை கழுத்துக்கு இறங்கியது. இந்த முறை தேடவில்லை, நேரே தாலியில் போய் நின்றது.

"தீபாவளி கழிச்சுத்தான போறீங்க?" என்று கேட்டார் ஜவஹர்.

"கழிச்சுத்தான்."

"அப்ப சரி. மேல வா. கல்லாவுல ஆள் இல்ல."